சன்னல்காரி பிடித்த கயிறு

ஏன் மாப்பிள்ளை, உங்களுக்கு வேறு வேலையே கிடையாதா? பேத்தியைக் கட்டிக்கொண்டு முதல் தடவையாக இந்த வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள், சீலா மீன் குழம்பு வைத்திருக்கிறேன், புளி கூடுதலா குறைச்சலா என்று ஒரு வார்த்தை சொன்னால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். அதை விட்டுவிட்டு, "ஏன் பாட்டி போனைத் தள்ளிவிட்டீங்க, ஏன் பாட்டி போனைத் தள்ளிவிட்டீங்க" என்று நேற்றிலிருந்து அடுப்படி வரைக்கும் பின்னாலேயே வந்தால் நான் என்ன செய்வேன்? மதுரையில் இன்ஜினியருக்குப் படிக்கப் போனால் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்களா?

என் பேத்தியைச் சொல்லவேண்டும். பாட்டிக்கு ஒரு பழைய இங்கிலீஷ் படத்து நடிகை மேல் உயிர், மேல் உதட்டுக்குப் பக்கத்தில் மச்சம், சன்னலில் நிற்பாள், வெளியே கடல் தெரியும் என்று உங்களிடம் உளறி வைத்திருக்கிறாள். அதை வைத்தே நீங்களும் அந்தப் படத்தைத் தேடிப் பிடித்துப் போனில் ஓட்டிவிட்டீர்கள், கெட்டிக்காரர்தான். நானும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஆசை ஆசையாகத்தான் பார்த்தேன். சன்னல் சீன் வந்தது, போனைத் தள்ளிவிட்டேன். கீழே விழுந்து ஓரத்தில் கீறல் வேறு. அந்தக் கீறலுக்காகவாவது சொல்லித்தான் ஆகவேண்டும் போலிருக்கிறது.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்கு இந்தப் பேய், பிசாசு, ஆவி, பேயடி இதிலெல்லாம் கொஞ்சம்கூட நம்பிக்கை கிடையாது. அன்றைக்கும் கிடையாது, இன்றைக்கும் கிடையாது. என் மாமியாரோடு ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தினவளுக்குப் பேய் என்ன பேய். தெருவில் எவளாவது புளியமரத்தில் வெள்ளையாக ஒன்றைப் பார்த்தேன் என்றால், "துவைச்சுக் காயப்போட்டிருப்பாங்க, எடுத்து மடிச்சு வச்சியா?" என்று கேட்கிற ஆள் நான். அப்படிப்பட்டவள் சொல்கிறேன், சிரிக்காமல் கேளுங்கள். சிரித்தால் குழம்பு கிடையாது.

அது எழுபதுகளில். உங்கள் மாமியார் கைப்பிள்ளை. என் வீட்டுக்காரருக்குச் சங்கு குளிக்கிற வேலை. முத்துக் குளியல் அதற்கு முன்னாலேயே நின்றுபோய்விட்டது, சங்கு மட்டும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இடுப்பில் ஒரு கயிறு, காலுக்கு ஒரு கல், மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டியது, தரையில் தடவிச் சங்கைப் பொறுக்கவேண்டியது, மூச்சு முட்டினால் கயிற்றை ரெண்டு சுண்டு சுண்டவேண்டியது. மேலே வள்ளத்தில் கயிறு பிடித்திருக்கிறவன் அந்தச் சுண்டல் தெரிந்ததும் இழுத்துவிடவேண்டும். அவ்வளவுதான் வேலை. சொல்லும்போது சுலபமாகத்தான் இருக்கிறது.

அந்தக் கயிறு பிடிக்கிறவன் யாராக இருக்கவேண்டும் என்று எங்களிடம் ஒரு முறை உண்டு மாப்பிள்ளை. பெண்டாட்டியோடு கூடப்பிறந்தவன்தான் பிடிக்கவேண்டும். அண்ணன் தம்பி பிடிக்கக்கூடாது, கூட்டாளி பிடிக்கக்கூடாது. அண்ணன் தம்பிக்குள் காணி நிலம், பாகம் பிரிவினை என்று மனதில் ஆயிரம் இருக்கும். மச்சினனுக்கு அப்படியில்லை. கயிறு நழுவினால் தாலி அறுக்கப்போவது அவனோடு கூடப்பிறந்தவள், கைப்பிள்ளையோடு அவன் வீட்டுக்குத்தான் வந்து நிற்பாள். அந்தப் பயத்திலேயே கண் இமைக்காமல் பிடித்திருப்பான். எங்கள் வீட்டில் எனக்கு அக்கா தங்கச்சி யாரும் கிடையாது, ஒரே ஒரு தம்பி, பெயர் சூசை. அவன்தான் என் வீட்டுக்காரருக்குக் கயிறு. அவன் பிடித்திருக்கிறான் என்றால் நான் வீட்டில் நிம்மதியாகத் தூங்குவேன், அப்படி ஒரு கை.

அந்தச் சூசைதான் என்னைக் கெடுத்தவனும். சினிமாக் கிறுக்கன். எங்கள் ஊர்க் கொட்டகை ஒன்றில் காலைக் காட்சிக்கு மட்டும் பழைய இங்கிலீஷ் படம் போடுவார்கள். சீமையில் பார்த்து முடித்து, பம்பாயில் பார்த்து முடித்து, மெட்ராஸில் பார்த்து முடித்து, கோடு விழுந்து, அறுந்து, ஒட்டி எங்களிடம் வந்து சேரும்போது எந்தப் படம் போட்டாலும் அதில் மழை பெய்துகொண்டே இருக்கும். கப்பலிலிருந்து இறங்கின மாலுமிகள் நாலு பேர், ஆபீஸ் துரைமார் நாலு பேர், முத்தம் வருமா என்று பார்க்க வந்த காலேஜ் பையன்கள், அப்புறம் நானும் சூசையும். எனக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், இங்கிலீஷுக்கு எங்கே போவேன்? சூசை துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற நாட்களில் மாலுமிகளிடம் கொஞ்சம் இங்கிலீஷ் பொறுக்கி வைத்திருந்தான். அதை வைத்துக்கொண்டு எனக்குப் படம் முழுக்க அர்த்தம் சொல்லுவான்.

"என்னலே சொல்லுதா அவ?"

"மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்துரணும்னு சொல்லுதா."

"அதுக்கா அவன் துப்பாக்கிய எடுக்கான்?"

"கொழம்பு அப்படி வச்சிருப்பாக்கா."

எல்லாம் பொய் என்று எனக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரியும். ஆனால் பேச்சு எதற்கு மாப்பிள்ளை? அந்தக் காலத்து நடிகர்களுக்கு முகம் போதும். பெயர் தெரியாததால் நாங்களே பெயர் வைத்துக்கொள்வோம். எவ்வளவு சண்டை போட்டாலும் சட்டை கசங்காத ஒருவனுக்கு இஸ்திரி என்று பெயர். தரையில் கால் பாவாமல் படிக்கட்டில் ஆடிக்கொண்டே இறங்குகிற ஒருவனுக்கு மிதப்பு, வலையில் கட்டுகிற கட்டை தண்ணீரில் ஆடுமே, அது மாதிரி. ஒற்றைப் புருவத்தைத் தூக்கியே நாலு ஆண்பிள்ளைகளைக் கவிழ்க்கிறவளுக்கு வில்லுப்புருவம்.

அவர்களுக்கு விளக்குப் பிடிக்கிறவன் யாரோ, அவன் கைக்கு முத்தம் கொடுக்கலாம். தலைமுடியின் ஓரத்தில் மட்டும் வெளிச்சம் வரும், மாதா சுரூபத்துக்குப் பின்னால் மெழுகுவர்த்தி வைத்தது போல. அழுவார்கள், மூக்கு ஒழுகாது. நம் படத்தில் ஒருத்தி அழுதால் பக்கத்துத் தெரு வரைக்கும் கேட்கும். இவர்கள் அழுகையை விழுங்குவார்கள், விழுங்குகிறது தொண்டையில் தெரியும். அதைப் பார்த்து எனக்குத்தான் ஆறாக ஓடும்.

அதிலும் ஒருத்தி. நேற்று நீங்கள் காட்டினீர்களே, அவள்தான். நாங்கள் வைத்த பெயர் சன்னல்காரி. அந்தப் படத்தில் கடலோரத்து மேட்டில் ஒரு பெரிய வீடு. அவளைக் கட்டிக்கொள்ள இருந்தவன் ஏதோ கோபத்தில் கப்பலுக்குப் போகிறேன் என்று கிளம்புகிறான். அவள் மாடியில் சன்னலோரம் நிற்கிறாள். கூப்பிட்டால் நின்றுவிடுவான். கூப்பிடமாட்டாள். முகத்தைக் கிட்டத்தில் காட்டுவார்கள், அப்படியே காட்டிக்கொண்டே இருப்பார்கள். வாய் அசையாது. கண் இமை ஒரே ஒரு தடவை லேசாகத் துடிக்கும். அவன் படியிறங்கிப் போகிற சத்தம் கேட்கும், அந்தச் சத்தம் தேயத் தேய அவள் முகத்தில் ஒவ்வொரு விளக்காக அணைகிற மாதிரி இருக்கும். நான் கட்டினவன் தினமும் கடலுக்குப் போகிறவன் மாப்பிள்ளை. அந்த முகம் எனக்குத் தெரியும். கண்ணாடியில் பார்த்ததில்லையே தவிர, காலையில் அவர் வாசலைத் தாண்டும்போது எனக்கு அந்த முகம்தான் இருந்திருக்கும்.

படம் மாறின முதல் நாள் பார்த்துவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டே தெருவுக்குள் நுழைந்தால், எதிர்வீட்டுப் பிரகாசி குழாயடியில் நின்றாள். வாய்க்கு வரி கட்டவேண்டும் என்றால் அவள் குடும்பமே கடனாளியாகிவிடும்.

"ஏளா ரோசம்மா, யாருளா செத்துப்போனா?"

"யாரும் சாகல. படம் பாத்துட்டு வாரேன்."

"இங்கிலீஷ் படமா? நல்லாருக்குளா கூத்து. பாசையும் தெரியாது, ஊரும் தெரியாது, எவளோ வெள்ளக்காரிக்கு இப்படி அழுத. அவ என்ன, ஒங்கூடப் பொறந்தவளா?"

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டேன்.

அந்த வாரத்திலேயே சூசையின் உள்ளங்கையில் கெளுத்தி முள் ஏறிவிட்டது. கை வீங்கித் துணி சுற்றிக்கொண்டு திரிந்தான். "கயிறு பிடிக்கப் போறேன்" என்று ஒற்றைக்காலில் நின்றான், என் வீட்டுக்காரர் விடவில்லை. "வீங்கின கையோட நீ வந்தா கயிறும் போவும், கையும் போவும். ரெண்டு நாள் சும்மா கெட" என்று சொல்லிவிட்டார். சூசைக்குப் பதிலாக ஒரு பெரியவர் கிடைத்தார். கீழவைப்பாரிலிருந்து வந்தவர், வயதானவர், நிறையக் காலம் கயிறு பிடித்தவர், தங்கமான மனிதர். எல்லாம் சரி. ஆனால் அவர் எனக்கு அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை. நான் தாலி அறுத்தால் அவர் வீட்டில் யாருக்குச் சோறு இறங்காமல் போகும்?

முதல் நாள் எப்படியோ போய்விட்டது. ரெண்டாவது நாள் காலையில் என் வீட்டுக்காரர் கிளம்பும்போது என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டுச் சூசையைக் கூப்பிட்டார்.

"லே சூசை, இன்னைக்கு அந்தப் படம் கடைசி நாள்தான? ஒங்க அக்காளக் கூட்டிட்டுப் போ. இவ இங்கன இருந்தா நான் வாரதுக்குள்ள ஒப்பாரியே கட்டி முடிச்சிருவா."

சிரித்துக்கொண்டே போனார். நானும் பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டு, கடலைப் பொட்டலம் ஒன்றை முந்தானையில் முடிந்துகொண்டு கொட்டகைக்குப் போனேன்.

போய் உட்கார்ந்தேனே தவிர, படத்தில் மனது ஒட்டவில்லை. இஸ்திரி வந்தான், ஏதோ பேசினான், தொப்பியைக் கழற்றினான், ஒன்றும் ஏறவில்லை. படத்தில் கப்பலைக் காட்டினால் கப்பல் தெரியவில்லை, அதில் கட்டியிருக்கிற கயிறுதான் தெரிந்தது. குதிரை வந்தால் கடிவாளக் கயிறு. பக்கத்துச் சீட்டு மாலுமி சிகரெட் புகை விட்டால் அதுவும் கயிறு மாதிரியே சுருண்டு மேலே போனது.

"ஏலே சூசை, அந்தப் பெரியவருக்குக் கண்ணு நல்லாத் தெரியுமா?"

"கயிறு பிடிக்கக் கண்ணு எதுக்குக்கா? கை போதும்."

"கை நடுங்குமோ?"

"அக்கா, படத்தப் பாரு. இஸ்திரி என்ன சொல்லுதான் தெரியுமா? கூட வந்தவங்க வாய மூடிட்டு இருந்தா இன்னொரு பொட்டலம் கடல வாங்கித் தாரேங்கான்."

அவனுக்கும் உள்ளுக்குள் சரியில்லை. துணி சுற்றின கையை மடியில் வைத்து இன்னொரு கையால் தடவிக்கொண்டே இருந்தான். கடலைப் பொட்டலத்தை ரெண்டு பேரும் பிரிக்கவில்லை.

சன்னல் சீன் வந்தது. அவன் படியிறங்குகிற சத்தம். அவள் முகம் கிட்டத்தில். அதே நேரம் வெளியே கோயில் மணி அடித்தது, மத்தியான மணி. எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம், மணி அடித்தால் எங்கே இருந்தாலும் சிலுவை போட்டுக்கொள்வோம், திரையில் முத்தமே கொடுத்துக்கொண்டிருந்தாலும் சரி. நானும் நெற்றியில் கையை வைத்தேன். நெற்றியிலிருந்து கையை இறக்குவதற்குள் அது நடந்தது.

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் எழுந்து போய்ப் பேத்தியிடம் காபி வாங்கிக் குடியுங்கள். அந்த நடிகை முகத்தைத் திருப்பினாள். முதல் தடவை பார்த்தபோது அவள் திரும்பவே இல்லை, கடலைப் பார்த்தபடியேதான் நின்றாள், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்றைக்குத் திரும்பினாள். கொட்டகையை முழுக்கப் பார்த்த மாதிரி இல்லை, கூட்டத்தில் தெரிந்தவரைத் தேடுவோமே, அப்படித் தேடி, என்னைப் பார்த்து நின்றாள். அவள் கைப்பக்கத்தில், சன்னல் திரைச்சீலை ஓரமாக, ஒரு கயிறு தொங்கியது. அதைப் பிடித்தாள். ரெண்டு சுண்டு சுண்டினாள்.

அந்தச் சுண்டு எனக்குத் தெரியாதா? அது திரைச்சீலை இழுக்கிற சுண்டு இல்லை. மணிக்கட்டை மடக்கிக் கீழ்நோக்கி வெட்டி இழுக்கிற சுண்டு. கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் கொடிக்கயிற்றைப் பிடித்து எனக்கு விளையாட்டாகச் செய்து காட்டின சுண்டு. மறுபடியும் ரெண்டு. மறுபடியும் ரெண்டு. நிறுத்தவே இல்லை. முகத்தில் மட்டும் ஒரு மாற்றமும் கிடையாது, அந்த ஒற்றை இமை மட்டும் துடித்துக்கொண்டே இருந்தது.

சூசையின் தோளைப் பிடிக்கலாம் என்று திரும்பினால் சீட்டில் ஆள் இல்லை. எழுந்து நின்றிருந்தான். நின்றுகொண்டு, காலை அகட்டி வைத்து, வெறும் காற்றைக் கைமாற்றி கைமாற்றி இழுத்துக்கொண்டிருந்தான். வள்ளத்தில் நின்று இழுப்பானே, அதே இழுப்பு. முதுகு வளைந்து வளைந்து நிமிர்ந்தது. வீங்கின கை என்கிற நினைப்பே இல்லை.

"ஏலே உக்காருலே! மறைக்குலே!"

"என்னலே, வள்ளம் இழுக்கியா?"

பின்னாலிருந்து காலேஜ் பையன்கள் கத்தினார்கள், விசிலடித்தார்கள். பின்சுவரில் இருந்து வருகிற வெளிச்சம் அவன் மேல் பட்டு, அவனுடைய ரெண்டு கையும் நிழலாகத் திரையில் விழுந்தது. அந்த நிழல் கை நேராகப் போய் அவள் பிடித்திருந்த கயிற்றின் மேலேயே விழுந்தது மாப்பிள்ளை. அவள் கைக்குக் கீழே அவன் கை. ரெண்டு பேரும் சேர்ந்து இழுத்தார்கள். நான் பார்த்தேன்.

அப்புறம் படம் அறுந்தது. திரை வெள்ளையாகிவிட்டது. சூசை நின்ற இடத்தில் மூச்சு வாங்கினான்.

"என்னலே செஞ்ச?"

"தெரியலக்கா. கை இழுத்துச்சு."

"திரையில பாத்தியா?"

"திரைய எங்க பாத்தேன்? கண்ணு மூடியிருந்துச்சு."

அவன் கையிலே சுற்றியிருந்த துணி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. இருட்டில் ரத்தமோ என்று பயந்து வெளியே இழுத்து வந்து வெளிச்சத்தில் பார்த்தேன். ரத்தம் இல்லை, தண்ணீர். நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பு. வேர்வையும் உப்புத்தானே என்று நீங்கள் சொல்வீர்கள். சொல்லுங்கள். துணியில் நார் ஒட்டியிருந்தது, கயிற்று நார். கொட்டகை நாற்காலி மெத்தைக்குள்ளேயும் தேங்காய் நார்தான் திணித்திருப்பார்கள் என்பீர்கள். அதையும் சொல்லுங்கள், நான் குறுக்கே பேசமாட்டேன். நானும் எனக்கு நானே அதைத்தான் சொல்லிக்கொண்டே ஓடினேன்.

கொட்டகையிலிருந்து கடற்கரை வரைக்கும் ஓடினேன். செருப்பு எங்கே கழன்றது என்று தெரியாது. சூசை முன்னால் ஓடுகிறான், நான் பின்னால். மீன் ஏலம் போடுகிற இடத்தில் ஒருத்தர், "என்ன மதினி, வீட்ல தீப்பிடிச்சிட்டா?" என்று கேட்டதும் காதில் விழுந்தது, நிற்கவில்லை. கரையில் போய் நின்றால் கடல் சும்மா கிடக்கிறது. ஒரு வள்ளம்கூடத் திரும்பவில்லை. வெயில் தண்ணீரில் பட்டு வெள்ளை வெளேரென்று, படம் அறுந்த திரை மாதிரியே. அதைப் பார்க்கப் பிடிக்காமல் மணலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். நான் கும்பிடாத புனிதர் இல்லை. நடுவில், சொன்னால் பாவம், அவளையும் கும்பிட்டேன். அவள் பெயர் தெரியாது. சன்னல்காரி என்றே கூப்பிட்டுக் கும்பிட்டேன்.

ஒரு வள்ளம் மட்டும் மற்றதற்கெல்லாம் முந்தித் திரும்பி வந்தது. முந்தி வருகிற வள்ளம் நல்ல சேதி கொண்டுவராது. சூசை இடுப்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டான். நான் மணலிலேயே உட்கார்ந்திருந்தேன். வள்ளத்துக்குள் ஒரு ஆள் கிடக்கிறது தெரிந்தது. மேலே போர்த்தியிருந்த அவர் சட்டை தெரிந்தது. அப்புறம் அந்த ஆள் தலையைத் தூக்கி, "ஏளா, படம் அதுக்குள்ளயா முடிஞ்சிட்டு?" என்று கேட்டார்.

நான் அவரை அடித்தேன் மாப்பிள்ளை. வள்ளத்துக்குள் ஏறிக் கையில் கிடைத்த இடத்திலெல்லாம் அடித்தேன். நாலு பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள், வெட்கம் எல்லாம் அப்புறம்தான் வந்தது.

நடந்தது இதுதான். கீழே ஒரு பாறைச் சந்தில் பெரிய சங்கு ஒன்று தெரிந்திருக்கிறது. கையை விட்டிருக்கிறார், கை மாட்டிக்கொண்டது. இன்னொரு கையால் பாறையைத் தள்ளிப் பார்த்திருக்கிறார், நகரவில்லை. ரெண்டு கையும் அங்கே இருக்கும்போது கயிற்றைச் சுண்ட மூன்றாவது கைக்கு எங்கே போவார்? தண்ணீரைக் குடித்துவிட்டார், நினைவு போய்விட்டது. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மணிக்கட்டைச் சுற்றித் தோல் உரிந்து கிடந்தது.

"நான் சுண்டல" என்றார். "நெனவு போறதுக்கு முன்னாடி அதான் நெனச்சேன். சுண்ட முடியலயே, இவருக்கு எப்படித் தெரியும்னு."

கீழவைப்பார்ப் பெரியவர் வள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்து தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் போய்க் கேட்டேன்.

"அப்பச்சி, நீங்கதான இழுத்தீங்க?"

"நான்தாம்மா. கரையில இருந்து காத்து இந்தப் பக்கமா வீசுச்சு, மத்தியான மணி லேசாக் கேட்டுச்சு. செபம் சொல்ல வாயத் தொறந்தேன். அப்பத்தான் கயிறு சுண்டுச்சு. ஒரு தடவ இல்ல, விடாம சுண்டுச்சு. சின்னப்புள்ள கெணத்து ராட்டுல கயித்தப் பிடிச்சு ஆட்டுத மாதிரி."

"அவரு சுண்டலங்காரே."

பெரியவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கிற பார்வை.

"அது எனக்குத் தெரியாதும்மா. சுண்டுச்சு, இழுத்தேன். ஆனா ஒண்ணு. இவ்வளவு வருசம் கயிறு பிடிச்சிருக்கேன், ஆளோட கனம் கைக்குத் தெரியும். இன்னைக்குக் கனமே இல்ல. எனக்கு முன்னால யாரோ நின்னு இழுக்குத மாதிரி இருந்துச்சு. நான் சும்மா கூடப் பிடிச்சுக்கிட்டேன், அவ்வளவுதான்."

சூசை இதைக் கேட்டுவிட்டுத் தன் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான். நாங்கள் ரெண்டு பேரும் கொட்டகையில் நடந்ததை என் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த நாள் தண்ணீரில் இறங்கும்போது அந்த நினைப்பு அவர் காலைப் பிடிக்கும். அடுத்த வாரம் சூசையின் கை ஆறியது, கயிற்றைத் திரும்ப வாங்கிக்கொண்டான். அவருக்கு மூச்சு போதாமல் போய், குளிக்கிற வேலையை விடுகிற வரைக்கும் அவன்தான் பிடித்தான். கொட்டகைக்கு மட்டும் என்னோடு வருவதை விட்டுவிட்டான். கேட்டால், "எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ் தீந்துபோச்சுக்கா" என்பான். இப்போது அவரும் இல்லை, அவனும் இல்லை.

நான் மட்டும் விடவில்லை. தனியாகவே போவேன். அவள் நடித்த வேறு ரெண்டு மூன்று படம் வந்தது. ஒன்றில் ராணியாக வந்தாள், ஒன்றில் குடிகாரியாக வந்தாள். அவளைக் கிட்டத்தில் காட்டும்போதெல்லாம் நான் லேசாகக் கையைத் தூக்குவேன், தெரிந்தவர்களைப் பார்த்தால் தூக்குவோமே, அதுபோல. அவள் ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை. சன்னல் படம் மட்டும் மறுபடி எங்கள் ஊருக்கு வரவே இல்லை. கொட்டகையையும் இடித்துவிட்டார்கள். அதனால் நானே எனக்கு ஒரு சமாதானம் சொல்லி வைத்திருந்தேன். பயத்தில் இருந்தேன், கயிறு கயிறு என்றே மனது அடித்துக்கொண்டது, அவள் எப்போதும் போலத் திரைச்சீலைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பாள், லேசாக இழுத்திருப்பாள், படம் வேறு பழசு, அறுந்து ஒட்டினது, குதித்துக் குதித்து ஓடியிருக்கும், அதைப் போய் நான் சுண்டு என்று நினைத்துக்கொண்டேன். நல்ல சமாதானம்தான் மாப்பிள்ளை. இத்தனை வருஷம் அதன்மேல் தலையை வைத்துத் தூங்கியிருக்கிறேன்.

நேற்று நீங்கள் போனைக் கொண்டுவந்து நீட்டினீர்கள். கோடு கிடையாது, மழை கிடையாது, கழுவி விட்ட மாதிரி அவ்வளவு சுத்தமாக இருந்தது படம். அவள் வந்து நின்றாள். அவன் படியிறங்குகிற சத்தம் கேட்டது. அந்த இமை துடித்தது. நான் அந்தக் கயிற்றைப் பார்க்கலாம் என்று கண்ணை ஓரத்துக்குக் கொண்டுபோனேன்.

அந்தச் சன்னலில் கயிறே இல்லை.

திரைச்சீலையே இல்லை மாப்பிள்ளை. வெறும் கண்ணாடிச் சன்னல். ஒரு ஓரத்திலும் ஒன்றும் தொங்கவில்லை. அவள் கை ரெண்டும் முன்னால் கோத்தபடியே இருந்தது. போய் மறுபடி போட்டுப் பாருங்கள், நான் சொல்வது பொய்யா என்று. என்னை மட்டும் கூப்பிடாதீர்கள்.

தெருக்காரிகளிடம் சொன்னேனா என்கிறீர்களா? அவர்களிடம் இதையெல்லாம் எவள் சொல்லுவாள். வள்ளம் திரும்பின அன்றைக்குச் சாயந்திரம் அவரைப் பார்க்க மொத்தத் தெருவும் வந்து வீட்டுக்குள் நின்றது. சூசை கொட்டகையில் என்னோடு இருந்தான் என்பது அதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பிரகாசி சும்மா இருப்பாளா? இடுப்பில் கையை வைத்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் கேட்டாள்.

"ஏளா ரோசம்மா, ஒந்தம்பி ஒங்கூடப் படம் பாத்துக்கிட்டு இருந்திருக்கான். அப்போ முறைப்படி ஒம்புருசனுக்கு இன்னைக்குக் கயிறு பிடிச்சது யாருளா?"

"எங்கக்கா" என்றேன்.

"ஒனக்கு ஏதுளா அக்கா?"

"இருக்கா, சீமையில. வெளிய வாசல்ல வரமாட்டா. வெளிச்சம் பட்டா மறைஞ்சிருவா."

தெருவே சிரித்தது. நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். சூசை மட்டும் சிரிக்கவில்லை.